ஏ.எஸ்.மணியின் கையுறை

இடது கைக்குப் போட்டு முடித்தாகிவிட்டது. வலது கையில் சுண்டுவிரல் மட்டும் உள்ளே போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. செத்தும் இந்த அம்மாவுக்குப் பிடிவாதம் போகவில்லை. "கொஞ்சம் நீட்டும்மா" என்று முணுமுணுத்துக்கொண்டே ஷீலா அந்த விரலைத் தேய்த்துச் சூடாக்கப் பார்த்தாள். ஐஸ்கட்டிக்கு நடுவில் ராத்திரி முழுக்க வேனில் வந்த கை, எங்கே சூடாகும்? ஒருவழியாக விரல் உள்ளே போன நேரத்தில் பின்னாலிருந்து இன்னொரு கை வந்து கையுறையைப் பிடித்து இழுத்தது.

"ஏத்தா, என்ன இது அழுக்குப் பிடிச்சது? புதுசு வாங்கி வச்சிருக்குல்ல."

ஜெயசெல்வி அத்தை. தாய்மாமன் பெண்டாட்டி. அருப்புக்கோட்டையில் சவப்பெட்டி எடுத்த கடையிலேயே வாங்கிய புது வெள்ளைக் கையுறையும் காலுறையும் கவர் பிரிக்காமல் அவள் கையில் இருந்தன. இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் கொஞ்சம் வசதி இருந்தால் அப்படித்தான், வெள்ளைக் கையுறை போடாமல் பெட்டியில் வைக்கமாட்டார்கள்.

"இது அம்மாவோடது அத்தை. நேத்து மத்தியானம் வரைக்கும் போட்டிருந்தது."

"இருக்கட்டுந்தா. பாதிரி ஐயரு வருவாக, சபைக் கமிட்டிக்காரவுக வருவாக. நாலு பேரு பாத்தா என்ன நெனைப்பாக? கரி அள்ளுன கை மாதிரில்ல இருக்கு."

"வேலை செஞ்ச கை. அப்படித்தான் இருக்கும்."

சத்தம் தன்னையறியாமல் உயர்ந்துவிட்டது. பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே! சினிமா பிலிமைக் கையால் தொட்டால் ரேகை விழும், அதனால் எடிட்டிங் அறையில் வெள்ளை நூல் கையுறை போட்டுத்தான் வேலை செய்வார்கள் என்பது இவர்களுக்கு எங்கே தெரியும்? எந்த இடத்தில் வெட்ட வேண்டுமோ அந்த இடத்தில் மஞ்சள் மெழுகுப் பென்சிலால் குறி போடுவாள் அம்மா. அந்த மஞ்சளும் பிலிம் தூசியும் ஏறி ஏறி விரல் நுனிகள் பத்தும் கறுத்துப்போயிருந்தன. நேற்று எடிட்டிங் மேஜை முன்னால் உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனபோதும் இவை கையில்தான் இருந்தன. நர்ஸ் கழற்றி ஒரு கவரில் போட்டு, "உங்க அம்மா திங்ஸ்" என்று கொடுத்தாள்.

"கழட்டுனா நான் பொல்லாதவளாயிருவேன் அத்தை."

அத்தை அவள் முகத்தைப் பார்த்தாள். புதுக் கையுறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

சிலுவைமுத்து மாமா பந்தலில் நாற்காலி போடுகிறவர்களை விரட்டிவிட்டு உள்ளே வந்தார். அம்மாவுக்கு ஒரே அண்ணன். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், இப்போது சபை கமிட்டிக்குச் செயலாளர். தோளில் இஸ்திரி போட்ட துண்டு. இழவு வீட்டிலும் அது கலையவில்லை.

"ஷீலா, ஐயருட்ட எல்லாம் சொல்லிட்டேன். கோயில்ல வாழ்க்கைக் குறிப்பு சொல்வாகல்ல, அதுல பொறந்தது, படிச்சது, கல்யாணம் ஆனது, உங்கப்பா தவறிப்போனது, அப்புறம் மெட்ராஸ்ல தனியார் கம்பெனியில வேலை பாத்தது. சுருக்கமா முடிச்சிருவாக."

"என்ன கம்பெனி மாமா?"

"கம்பெனின்னா கம்பெனிதான். இதுல என்னத்தா இருக்கு?"

"சினிமா எடிட்டர்னு சொல்லச் சொல்லுங்க. ஏஞ்சலின், சினிமா எடிட்டர். வேற ஒண்ணும் நான் கேக்கல. பேரையும் வேலையையும் சேத்து ஒருவாட்டி இந்த ஊர் காதுல விழுற மாதிரி சொல்லணும்."

மாமா குரலைத் தாழ்த்தினார். "பெட்டி கோயிலுக்குள்ள போகணுமா வேணாமா? சங்கையா மாதிரி ஆளுகளெல்லாம் கமிட்டியில இருக்காக. சினிமான்னு வாயத் தொறந்தா வாசல்லயே ஜெபத்த முடிச்சிட்டு அனுப்பிருவாக. உனக்குத் தெரியாது, நீ டவுன்ல வளந்தவ."

அடேயப்பா, என்ன அக்கறை! ஷீலாவுக்குத் தெரியாதா? எல்லாம் தெரியும்.

அம்மா மெட்ராஸுக்குப் போய் எடிட்டிங் அறையில் பிலிம் சுற்றப் பழகி, வெட்டப் பழகி, முதன்முதலாகத் தனியாக ஒரு படம் செய்த வருஷம் இதே சிலுவைமுத்து மாமா பஸ் ஏறி வந்தார். தங்கச்சியைக் கொண்டாட வரவில்லை. "சினிமாத் திரையில உன் பேரு வந்துச்சுன்னு சபைக்குத் தெரிஞ்சா ஸ்கூல்ல என் சீட்டு கிழிஞ்சிரும், பாத்துக்க" என்று உட்கார்ந்து அழுதார். அண்ணன் அழுததும் இவள் உருகிவிட்டாள். அன்றைக்கு ஏஞ்சலின் போய் ஏ.எஸ்.மணி வந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ படங்கள், எத்தனையோ வெள்ளிவிழாக்கள். மணி என்பது யாரோ மீசை வைத்த ஆள் என்றே ஜனங்கள் நினைத்தார்கள். ஒரு வருஷம் சிறந்த எடிட்டர் என்று மணிக்கு விருது கொடுத்தார்கள். பேப்பரில் படம் வந்துவிடும் என்று பயந்து இவள் மேடைக்கே போகவில்லை, உதவியாளர் ஒருவர் போய் வாங்கிவந்தார். அந்தக் கேடயம் வீட்டில் அரிசி டின்னுக்கு மேல் கிடந்தது. இங்கே அண்ணன் ஹெட்மாஸ்டர் ஆனார், செயலாளர் ஆனார், ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் தங்கச்சி அனுப்பிய வேட்டியைக் கட்டிக்கொண்டு சினிமா பாவம் என்று பிரசங்கம் கேட்டார். அவர் வீட்டில் செய்தி கேட்கும் கலர் டி.வி.யும் அவள் வாங்கித் தந்ததுதான்.

அம்மாவின் சொந்தப் பேர் ஒரே ஒரு படத்தில் வந்தது. அதுவும் இந்த நாட்டுப் படம் இல்லை. எண்பத்து மூன்றில் பிரான்சிலிருந்து ஒரு கூட்டம் வந்து திருச்சுழிப் பக்கத்து வறண்ட கண்மாய்களைப் படம் பிடித்தது. அதை வெட்டித் தொகுக்க ஒதில் என்று ஒரு அம்மாள் மெட்ராஸுக்கு வந்தாள். நரைத்த தலை, வாயில் சிகரெட், அவள் நாட்டில் பெரிய பெரிய டைரக்டர்கள் எல்லாம் அவள் தேதிக்குக் காத்திருப்பார்களாம். தமிழ் தெரிந்த எடிட்டர் வேண்டும் என்று கேட்டதற்கு, மணியை வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார்கள். மணி சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றதைப் பார்த்து அந்த அம்மாள் திகைத்துவிட்டாள். எங்கள் ஊரில் எடிட்டிங் அறை நிறையப் பெண்கள்தான், யாரும் ஆம்பளைப் பேர் வைத்துக்கொள்வதில்லை, நீ மட்டும் ஏன் என்று கேட்டாளாம். அம்மா காரணத்தைச் சொன்னாள். ஒதில் சிரிக்கவில்லை. படம் முடிந்ததும் தன் பேருக்குப் பக்கத்தில் அதே அளவு எழுத்தில் ஏஞ்சலின் என்று போட்டாள். அந்தப் படம் பாரிசில் ஓடியது. அருப்புக்கோட்டையில் எவன் பார்த்தான்?

"எனக்குத் தெரியும் மாமா" என்றாள் ஷீலா. "எங்கம்மா முப்பது வருஷமா உங்களுக்காகத்தான் ஆம்பளையா இருந்தா. பெட்டிக்குள்ளயாவது பொம்பளையா இருக்கட்டும்."

மாமா முகம் சுருங்கியது. "சாவு வீட்ல சண்ட வேணாம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

வெளியே வெயில் கொளுத்தியது. அருப்புக்கோட்டையிலிருந்து வீடியோ எடுக்க வந்திருந்த காளீஸ்வரன், கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு வேப்பமர நிழலை விட்டு நகராமல் பந்தலைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். கல்யாண வீடியோக்காரன். மாப்பிள்ளை ஊர்வலம் எடுக்கிற மாதிரியே மாலை தூக்கி வருகிறவர்களை எல்லாம் எடுத்தான். இப்போதெல்லாம் சாவையும் கேசட்டில் பிடித்து வைக்காவிட்டால் குடும்பத்துக்கு மரியாதை இல்லை. அதற்கும் மாமாதான் ஏற்பாடு. சினிமா மட்டும் ஆகாது, கேமரா ஆகும்!

பெட்டியைத் தூக்குவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் திருச்சுழி ரோட்டிலிருந்து புழுதி கிளம்பியது. வெள்ளை கார் ஒன்று வந்து பந்தலோரம் நின்றது. இறங்கியவரைப் பார்த்ததும் ஊர் முழுக்க ஒரு சத்தம் எழுந்தது. டைரக்டர் ராமசுப்பு. மல்லாங்கிணற்றுப் பக்கத்துக்காரர், இவர் படம் ஓடாத தியேட்டர் மதுரை ஜில்லாவில் கிடையாது. கூட்டம் மாலையைப் போட்டுவிட்டுக் காரைச் சுற்றியது. அழுதுகொண்டிருந்த பெண்களில் பாதிப்பேர் எழுந்து ஜன்னலுக்கு வந்தார்கள்.

அந்த மனுஷர் யாரையும் பார்க்கவில்லை. நேரே வந்து பெட்டியின் கால்மாட்டில் நின்று முகத்தைப் பொத்திக்கொண்டார். பிறகு ஷீலாவிடம், "மணிம்மா இல்லன்னா என் படம் ஒண்ணுகூட படமா இருந்திருக்காதும்மா" என்றார். பெட்டியின் தலைமாட்டில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுத் திரும்பவும் கேட்டார். "ஏஞ்சலின்... அதான் அவுக பேரா? பதினெட்டு வருஷம் கூட இருந்திருக்கேன், எனக்குத் தெரியாதும்மா."

ஷீலாவுக்கு அவர் மேலும் கோபம்தான் வந்தது. பதினெட்டு வருஷம் ஒரே அறையில் சாப்பிட்டிருக்கிறீர்கள், உங்கள் பேர் என்னம்மா என்று கேட்க ஒரு நிமிஷம் கிடைக்கவில்லையா?

அதற்குள் மாமா வந்துவிட்டார். எங்கிருந்துதான் அந்த வேகம் வந்ததோ, டைரக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் யார் என்று பார்த்தால் அதே சங்கையா. பெட்டியை வாசலோடு அனுப்பிவிடுவார் என்று மாமா பயங்காட்டிய அதே சங்கையா, பல் தெரிய நின்றுகொண்டு, "சார் உங்க படம் ஒண்ணு விட்டதில்ல சார்" என்றார். ஏலே காளீஸ்வரா, இங்க வா என்று மாமா கூப்பிட்டதும் கேமரா ஓடி வந்தது. டைரக்டருக்கு ஒரு பக்கம் மாமா, மறு பக்கம் சங்கையா. பின்னால் பெட்டியில் அம்மா.

கோயிலில் ஐயர் வாழ்க்கைக் குறிப்பு சொல்ல எழுந்தபோது மாமா அவர் காதில் என்னவோ சொல்லி மைக்கைத் தான் வாங்கிக்கொண்டார். ஷீலா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"என் உடன்பிறந்த சகோதரி ஏஞ்சலின், சினிமாத் துறையிலே மிகப் பெரிய எடிட்டர்" என்றார் மாமா.

சொல்லிவிட்டார். அவள் கேட்ட அதே வார்த்தைகள். கோயில் முழுக்கக் கேட்டது, வெளியே குழாய் ஸ்பீக்கரிலும் கேட்டது.

"கர்த்தர் கொடுத்த தாலந்தை, அந்தத் திறமையை, புதைத்து வைக்கக் கூடாது என்று நான்தான் அவளை மெட்ராஸுக்கு அனுப்பி வைத்தேன். சபையிலே சிலர் அன்றைக்கு எதிர்த்தார்கள். நான் விடவில்லை. போம்மா, உன் பேர் உலகம் முழுக்கத் தெரியணும் என்று..."

பொய்யா இது! வாய் கூசவில்லையே இந்த மனுஷனுக்கு! எழுந்து நின்று கத்திவிடப் போனாள். அத்தை அவள் முழங்கையைப் பிடித்தாள். அத்தையின் வளையல் அவள் சதையில் அழுந்தியது. மாமா பேசினார், பேசினார், தான் எழுப்பிய பள்ளிக்கூடக் கட்டிடம் வரைக்கும் போய்விட்டு வந்தார். டைரக்டர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவரைப் பேசக் கூப்பிட்டதற்குக் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டார். கல்லறைத் தோட்டத்துக் கரிசல் மண் கட்டி கட்டியாகப் பெட்டியின் மேல் விழுந்தது. ஷீலா அப்போதும் அழவில்லை. மாமா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேமரா இருக்கிற பக்கம் நின்றார்.

மறுவாரம் அவள் அருப்புக்கோட்டைக்குப் போனாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் காளீஸ்வரன் ஸ்டுடியோ. இரண்டு வீடியோ டெக், இரண்டு டி.வி., சுவரெல்லாம் மணமக்கள்.

"மாமா வரச் சொன்னாகளாக்கா? கேசட் ஞாயித்துக்கெழம ரெடியாயிரும். ஹெட்மாஸ்டர் சார் பேச்சு முழுசா போட்டிருக்கேன். அதான் இதுல ஹைலைட்டு. டைரக்டரோட நிக்கிறத ஆரம்பத்துல ஒருவாட்டி, முடிவுல ஒருவாட்டி ஸ்லோமோஷன்ல..."

"எடுத்தது எல்லாத்தையும் போடுங்க. பாக்கணும்."

அவன் ஓட்டினான். அவள் பார்த்தாள். மாமா பேச ஆரம்பித்து வெகுநேரம் கழித்து கேமரா மெதுவாக அவரை விட்டு நகர்ந்து பெட்டிக்குப் போனது.

"அது வந்துக்கா..." காளீஸ்வரன் தலையைச் சொறிந்தான். "சார் பேச்சு ரொம்ப நீண்டு போச்சா, சலிச்சுப்போயி அந்தப் பக்கம் திருப்பிட்டேன். அதெல்லாம் வேஸ்டு. குரல மட்டும் வச்சிக்கிட்டு படத்த..."

"இருங்க, நிறுத்தாதீங்க."

திரையில் அம்மாவின் கைகள். நெஞ்சின் மேல் ஒன்றின் மேல் ஒன்றாக, விரல் நுனி கறுத்த கையுறைகள். ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. ஓரத்திலிருந்து ஒரு பெண்ணின் கை நீண்டு ஈயை விரட்டியது. போகிற கை போகவில்லை. சுண்டுவிரல் நுனியில் தொங்கிக்கொண்டிருந்த துணியை மெல்ல இழுத்து, விரலோடு பொருந்தும்படி சரிசெய்துவிட்டு, அப்படியே கொஞ்ச நேரம் அந்தக் கையின் மேல் இருந்தது. வளையலைப் பார்த்ததும் ஷீலாவுக்கு யார் என்று தெரிந்துவிட்டது.

சர்ச்சுக்குப் போனாலும் அம்மா பிரசங்கம் பண்ணுகிறவரைப் பார்க்கமாட்டாள், கேட்கிறவர்களைத்தான் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். ஏம்மா மானத்தை வாங்குற என்று கேட்டால், "பேசுறவன் மூஞ்சில என்னடி இருக்கு, எல்லாம் கேக்குறவ மூஞ்சிலதான இருக்கு" என்பாள்.

"மைக் பிடிச்சு வாயத் தொறக்குறாருல்ல, அங்க வெட்டுங்க" என்றாள் ஷீலா. "வெட்டி இந்தக் கைய வைங்க. முழுசா. பேச்சு வேணாம்."

"பேச்சு வேணாமா?"

"ஒரு வார்த்தகூட வேணாம். வேப்பமரத்தடியில எடுத்தீங்கல்ல, காத்துச் சத்தம், காக்காச் சத்தம், அத போடுங்க. டைரக்டர் பக்கத்துல நிக்கிறதெல்லாம் எடுத்துருங்க. மைக் பிடிக்கிற அந்த எடம் தவிர, டைரக்டர் கையப் பிடிச்சாலும் சரி, துண்டால கண்ணத் தொடச்சாலும் சரி, மாமா வேற எங்கயும் வரக் கூடாது."

"அக்கா, சார் என்னைய உரிச்சு உப்பு தடவிருவாகக்கா. இந்த ஊர்ல நான் கல்யாணம் எடுக்கணும்ல."

"நான் பண்ணச் சொன்னேன்னு சொல்லுங்க. நான் ஏ.எஸ்.மணி மக."

"டைட்டில்ல வருமே, அந்த மணியா?" என்றான் அவன். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டான். வேலை சாயங்காலம் வரை ஓடியது. வீட்டிலிருந்து பெட்டி கிளம்பும்போது ஷீலாவே வாசற்படியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொள்கிற இடம் ஒன்று இருந்தது. அதையும் எடுக்கச் சொன்னாள். கடைசியாக அவன், டைட்டிலில் என்ன போட என்று கேட்டான். சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை நினைவு ஜெபக்கூட்டம் முடிந்து கமிட்டிக்காரர்கள் எல்லாரும் மாமா வீட்டில் பாயிலும் நாற்காலியிலும் உட்கார்ந்தார்கள். ஐயர் இருந்தார், சங்கையா இருந்தார். மாமா டி.வி.க்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, துண்டைச் சரிசெய்துகொண்டு கேசட்டைத் தள்ளினார்.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது. ஏஞ்சலின். அதற்குக் கீழே, சினிமா எடிட்டர்.

"பாத்தீகளா" என்றார் மாமா ஐயரிடம். "நான்தான் தைரியமா சொன்னேன்."

பந்தல் வந்தது. மாலைகள் வந்தன. பெட்டியின் கால்மாட்டில் தனியாக நின்று முகத்தைப் பொத்திக்கொள்ளும் டைரக்டர் வந்தார். கோயில் வந்தது. மாமா எழுந்தார், நடந்தார், மைக்கைப் பிடித்தார். நாற்காலியில் இருந்த மாமா முன்னால் சாய்ந்தார். திரையில் இருந்த மாமா வாயைத் திறந்தார்.

கைகள் வந்தன. காற்றும் ஒரு காக்கையின் சத்தமும் தவிர அறையில் வேறு சத்தமே இல்லை. ஈ வந்தது. அந்தப் பெண்ணின் கை வந்து ஈயை விரட்டிவிட்டுக் கையுறையின் விரலைச் சரிசெய்தது. அடுப்படி வாசலில் நின்றிருந்த ஜெயசெல்வி அத்தை முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனாள்.

"தாண்டி ஓடிருச்சு போல" என்று மாமா பின்னால் சுற்றினார். மறுபடி மைக்கைப் பிடித்தார், மறுபடி வாயைத் திறந்தார், மறுபடி அந்தக் கைகள்.

"சார், நீங்க பேசுனது எங்க?" என்றார் சங்கையா.

"பின்னால போட்டிருப்பான். வரும்."

கைகள் வெகுநேரம் இருந்தன. அப்புறம் பெட்டியைத் தூக்கினார்கள். கல்லறைத் தோட்டம் வந்தது, கரிசல் கட்டிகள் விழுந்தன, மேட்டின் மேல் மாலைகள் வந்தன. அத்தோடு கேசட் முடிந்து, திரை பொரிந்துபோய்ப் புள்ளி புள்ளியாக இரைய ஆரம்பித்தது. ஒவ்வொருவராக எழுந்தார்கள். வாரேன் சார், வாரேன் சார் என்று செருப்பைத் தேடினார்கள். ஷீலா பாயில் கிடந்த காப்பி டம்ளர்களை எடுத்து அடுக்கினாள்.

"வரும்" என்றார் மாமா, திரும்பாமல். துண்டைச் சரிசெய்துகொண்டு, இரைந்துகொண்டிருந்த அந்தத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.